அலுமினியம் உறையும்போது எப்போது கலக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்

அலுமினிய அலாய் உறையும்போது கலக்கினால் அதன் மைக்ரோஸ்ட்ரக்சர் (மைக்ரோஸ்கோப்பில் தெரியும் உள்ளமைப்பு) மாறும் என்று மெட்டலர்ஜி படித்த எல்லோருக்கும் தெரியும். மரம்போலக் கிளைகிளையாக வளர்ந்த படிகமான டென்ட்ரைட் படம் ஒன்று, பக்கத்திலேயே உருண்டை உருண்டையாக இன்னொரு படம், பாடப்புத்தகத்தில் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று மோட்டாரை 720 டிகிரியில் ஓடவிட்டு, பத்து நிமிடம் கலக்கி, மோல்டில் ஊற்றி, வெட்டி, பாலிஷ் போட்டுப் பார்த்தால் அதே பழைய டென்ட்ரைட்தான் கிடக்கும். கூடுதலாகக் கிடைத்தது ஆக்சைடும் ஓட்டைகளும் மட்டும். 720 டிகிரியில் அங்கே உறைவதற்கு எதுவுமே இல்லை. கலக்கல் வேலை செய்வது லிக்விடஸை (ஆறும்போது உறையத் தொடங்கும் வெப்பநிலையை) ஒட்டிய சில டிகிரிகளில், சில நொடிகளுக்குத்தான். அதை எப்படிப் பிடிப்பது என்று ஒரு கிலோ உருக்கு (இங்கே உருகிய அலாய் என்ற பொருளில், எஃகு அல்ல), கிராபைட் மூசை என்ற அளவில் எழுதுகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாமான்களே போதும். கீழே டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

எந்த அலாய்

ஏ356 எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் பக்கத்து ஃபவுண்டரிகளில் எல்எம்25 என்று கேட்டால் ஏறக்குறைய அதே சரக்கு கிடைக்கும்: 7 சதவீதம் சிலிக்கான், 0.3 சதவீதத்தை ஒட்டி மெக்னீசியம், மிச்சம் அலுமினியம். சுத்த அலுமினியம் வேண்டாம், அது 660 டிகிரியில் ஒரே புள்ளியில் உறையும். எல்எம்6 போன்ற 12 சதவீத சிலிக்கான் அலாயும் வேண்டாம், யூடெக்டிக்கை (ஒரே வெப்பநிலையில் உறையும் கலவை விகிதத்தை) ஒட்டியது என்பதால் 577 டிகிரி பக்கத்தில் மொத்தமாக உறைந்துவிடும். திடமும் திரவமும் சேர்ந்து நிற்கும் இடைவெளி இரண்டிலும் இல்லை. ஏ356-இல் 614 டிகிரி வாக்கில் ஆல்ஃபா அலுமினியம் (முதலில் உறையும் அலுமினியப் படிகம்) உறையத் தொடங்கி, 575 வாக்கில் மிச்சத் திரவம் யூடெக்டிக்காக உறையத் தொடங்கும்வரை நாற்பது டிகிரி இடம் இருக்கிறது, அதற்குள் ஏறக்குறைய பாதி உலோகம் திடமாகிவிடும். 7075-க்கு இடைவெளி இதைவிடப் பெரியது, ஆனால் உறைந்து முடியும்போது வெடிப்பு விடும் குணம் அதற்கு உண்டு. முதல் தடவைக்கு அது வேண்டாம்.

திடம் எவ்வளவு என்பதை ஷெய்ல் சமன்பாட்டில் (எந்த வெப்பநிலையில் எவ்வளவு உறைந்திருக்கும் என்று கணிக்கும் சமன்பாடு) போட்டுப் பார்த்தால் 610 டிகிரியில் சுமார் 9 சதவீதம், 605-இல் 19, 600-இல் 26, 590-இல் 38 என்று வரும். முதல் நான்கே டிகிரியில் 9 சதவீதம் வந்துவிடுகிறது, 600-இலிருந்து 590-க்கு இறங்கும் பத்து டிகிரியில் வெறும் 12 சதவீதம்தான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதாவது நமக்குத் தேவையான இடத்தில்தான் வெப்பநிலையில் வரும் சின்னப் பிழை பெரிய பிழையாக மாறும்.

அதனால் முதலில் கூலிங் கர்வ் (ஆறும்போது நேரத்தோடு வெப்பநிலை இறங்கும் கோடு)

சாதாரண கே வகை தெர்மோகப்பிளுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 0.75 சதவீதம், 614 டிகிரியில் அது நாலரை டிகிரிக்கு மேல். மேலே சொன்ன கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், மீட்டர் 612 என்று காட்டும்போது உள்ளே திடமே இல்லாமலும் இருக்கலாம், 15 சதவீதம் இருக்கவும் செய்யலாம். புத்தகத்தில் உள்ள 614-ஐ நம்பி வேலை செய்யாதீர்கள். உங்கள் உருக்கில், உங்கள் தெர்மோகப்பிளில், அதே மூசையில், கலக்காமல் ஒரு தடவை ஆறவிட்டு நொடிக்கு ஒரு முறையாவது வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். கோடு சரசரவென்று இறங்கிவந்து ஓரிடத்தில் சட்டென்று வளையும். சில சமயம் ஓரிரு டிகிரி கீழே போய்விட்டு மறுபடி மேலே ஏறி நிற்கும். அந்த வளைவுதான் உங்கள் லிக்விடஸ். மீட்டர் 609 என்று காட்டினால் உங்களுக்கு 609-தான், இனிமேல் எல்லாக் கணக்கும் அதிலிருந்து. தெர்மோகப்பிளை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுச் செய்த சோதனைகளில் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எதை வைத்துக் கலக்குவது

ஸ்டீல் கம்பி கையில் கிடைக்கும், எடுக்காதீர்கள். உருகிய அலுமினியம் இரும்பைக் கரைக்கும். ஏ356-இல் இரும்பு 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பீட்டா என்று சொல்லும் இரும்பு-சிலிக்கான் சேர்மம் வெட்டுமுகத்தில் ஊசி ஊசியாகத் தெரியும், வார்ப்பு சட்டென்று முறியும் தன்மைக்கு வந்துவிடும். வேறு வழியே இல்லை, ஸ்டீல்தான் என்றால் போரான் நைட்ரைடு பூச்சு கனமாகக் கொடுத்து, பூச்சு உரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கிராபைட் தண்டு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

தண்டின் எடையும் முக்கியம். அது கலக்கும் கருவி மட்டும் கிடையாது, உருக்கிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும் சில் (chill, குளிர்விக்கும் துண்டு) கூட. ஒரு கிலோ அலுமினியம் உறைய சுமார் 390 கிலோஜூல் வெளியேற வேண்டும். அதில் 5 சதவீதம் திடமாக்க 20 கிலோஜூல், பத்து டிகிரி இறக்க இன்னொரு 11. நூறு கிராம் கிராபைட் தண்டு 150 டிகிரியிலிருந்து 600 வரை முழுதாகச் சூடேறினால் 60 கிலோஜூலுக்குப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளும். சில நொடிகளில் அது முழுதாகச் சூடேறாது என்றாலும், நூறு கிராம் ஒரு கிலோவுக்குச் சரியான அளவு என்று இதிலிருந்தே தெரிகிறது. தண்டை 600 டிகிரிக்குச் சூடாக்கி இறக்கினால் சில் என்ற பாதி வேலை போய்விடும். ஆனால் ஈரம் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. 150 முதல் 200 டிகிரியில் ஓவனில் வைத்திருந்து எடுங்கள். ஈரமான கருவியை உருகிய அலுமினியத்துக்குள் விட்டால் தண்ணீர் நொடியில் நீராவியாகி உலோகத்தை முகத்தில் அடிக்கும். முகக் கவசம், தோல் கையுறை, பருத்தித் துணி, காலில் மூடிய ஷூ, இதெல்லாம் இல்லாமல் பக்கத்தில் நிற்கவே கூடாது.

வேகத்துக்கு ஆர்பிஎம் மட்டும் எழுதி வைத்தால் போதாது, நுனி வேகத்தையும் எழுதுங்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள துடுப்பு 400 ஆர்பிஎம்மில் சுற்றினால் நுனி நொடிக்கு 0.84 மீட்டர் போகும். இந்த அளவு மூசைக்கு அதை ஒட்டிய வேகம் போதும். நடுவில் சுழி விழக்கூடாது என்பதுதான் உண்மையான வரம்பு. சுழி விழுந்தால் காற்றும் மேலே மிதக்கும் ஆக்சைடு படலமும் மடிந்து மடிந்து உள்ளே போகும், ஒருமுறை போனால் கெட்டியாகிக்கொண்டிருக்கும் குழம்பிலிருந்து வெளியே வராது. தண்டை மையத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். மேற்பரப்பு லேசாக அசைந்தால் போதும், உடைந்து பளபளவென்று புது உலோகம் தெரிய ஆரம்பித்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

செய்யும் வரிசை

உருக்கை 720 டிகிரிக்குக் கொண்டுபோய் டீகாசிங் (கரைந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவது) செய்யுங்கள், ஆர்கான் இருந்தால் ஆர்கான். ஹெக்ஸாக்ளோரோஈத்தேன் மாத்திரை போட்டும் செய்வார்கள், அந்தப் புகையில் குளோரின் வரும், ஹூட் இல்லாத அறையில் வேண்டவே வேண்டாம். டீகாசிங்கைத் தாண்டிப் போக நினைக்காதீர்கள். திரவ அலுமினியத்தில் கரையும் ஹைட்ரஜனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் திடத்தில் கரையும், மிச்சமெல்லாம் ஓட்டையாக நிற்கும், கடைசியில் பழி கலக்கலின் மேல் விழும். பிறகு கசடை எடுத்துவிட்டு, உலையை நிறுத்தி, ஆறவிடுங்கள்.

உங்கள் லிக்விடஸுக்கு ஐந்து முதல் பத்து டிகிரி மேலே வரும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் தண்டை உள்ளே இறக்குங்கள். தெர்மோகப்பிள் தண்டுக்கும் மூசைச் சுவருக்கும் நடுவில் இருக்கட்டும். வெப்பநிலை வேகமாக இறங்கும், லிக்விடஸைத் தொட்டதும் இறக்கம் தளரும். அங்கிருந்து இரண்டு, மூன்று டிகிரி கீழே போகும்வரை கலக்கிவிட்டுத் தண்டை வெளியே எடுத்துவிடுங்கள். மொத்தம் பத்து முதல் முப்பது நொடி ஆகும். வெளியே வரும் தண்டில் உறைந்த உலோகம் தடிமனாக ஒட்டியிருந்தால் தண்டு ரொம்பக் குளிர்ச்சி அல்லது ரொம்ப கனம். மெல்லிய தோல் போல மட்டும் இருந்தால் சரி.

தண்டை எடுத்த பிறகு அவசரப்படாதீர்கள். மூசையைச் செராமிக் கம்பளியால் சுற்றி, நிமிடத்துக்குச் சில டிகிரி என்ற வேகத்தில் 600 வரை (அதாவது உங்கள் லிக்விடஸுக்கு 14 டிகிரி கீழே) இறங்கவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். அங்கே கால்பங்கு திடம் இருக்கும், உருண்டைகள் சரியாக அமைந்திருந்தால் இட்லி மாவு விழுவதுபோல மொத்தையாக, ஆனால் தடையில்லாமல் விழும். ஊற்றவே வராமல் மூசையிலேயே நின்றுவிட்டால் உள்ளே டென்ட்ரைட்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன என்று மைக்ரோஸ்கோப் இல்லாமலே தெரிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தைத்தான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்பென்சர் என்ற ஆராய்ச்சி மாணவர் 1970களின் தொடக்கத்தில் கண்டார். மெர்ட்டன் ஃபிளெமிங்ஸின் மாணவர். அவர் தேடிப்போனது வேறு, வார்ப்புகளில் வரும் சூட்டு வெடிப்பு. 15 சதவீதம் ஈயம் கலந்த வெள்ளீயத்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அசையாமல் உறைந்தது 20 சதவீதத் திடத்திலேயே விறைத்துவிட, சுற்றிக்கொண்டே உறையவிட்டது 40 சதவீதத்திலும் ஓடியது. 1972-இல் அது கட்டுரையாக வந்தது. முதலில் எல்லோரும் நீண்ட நேரம், கடுமையாகக் கலக்க வேண்டும் என்றே நினைத்தார்கள். 2000 வாக்கில் அதே எம்ஐடி குழு, லிக்விடஸை ஒட்டிய சில நொடிகள்தான் கணக்கு, அதற்குப் பிறகு கலக்குவது பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று காட்டியது. தாய்லாந்தின் பிரின்ஸ் ஆஃப் சோங்க்லா பல்கலைக்கழகத்தில் துடுப்பையும் விட்டுவிட்டார்கள், நுண்துளைகள் உள்ள கிராபைட் குழாய் வழியாக வாயுவைக் குமிழ்விட்டே அதே பலனை எடுத்தார்கள்.

உள்ளே நடப்பது

டென்ட்ரைட் கிளைகளைத் துடுப்பு உடைக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உருகுநிலைக்குப் பக்கத்தில் அலுமினியம் மிக மிருது, கிளை முறிவதைவிட வளைவதுதான் அதிகம். 1970களில் வோகல், டோஹர்ட்டி, கேன்டர் மூவரும் சொன்ன விளக்கப்படி, வளைந்த கிளைக்குள் டிஸ்லொகேஷன்கள் (அணு அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள்) ஒன்றுகூடி ஒரு கிரெயின் எல்லையாக (இரண்டு படிகத் துண்டுகளுக்கு நடுவில் வரும் எல்லையாக) மாறும். இரு பக்கமும் திசை விலகும் கோணம் 20 டிகிரியைத் தாண்டினால் அந்த எல்லையை வைத்திருப்பதைவிட இரண்டு திட-திரவப் பரப்புகளை வைத்திருப்பது ஆற்றலில் மலிவு, எனவே திரவம் உள்ளே புகுந்து கிளையைக் கழற்றிவிடும். இன்னொரு வழி கிளையின் அடிக்கழுத்து உருகுவது. உறையும் அலுமினியம் வெளியே தள்ளிய சிலிக்கான் அந்த இடுக்கில் சேர்ந்து உருகுநிலையைக் குறைத்திருக்கும், ஓட்டம் சற்றுச் சூடான திரவத்தைக் கொண்டுவந்தாலே கழுத்து கரைந்துவிடும்.

ஆனால் மேலே சொன்ன முறையில் பெரும்பாலான வேலையைச் செய்வது இவை இரண்டுமே கிடையாது என்பது என் எண்ணம். பத்து நொடிக் கலக்கலில் வளைத்துக் கழற்றும் அளவுக்குக் கிளைகளே வளர்ந்திருக்காது. குளிர்ந்த தண்டின் மேலும் மூசைச் சுவரிலும் கணக்கில்லாமல் நுண்படிகங்கள் பிறக்கின்றன, ஓட்டம் அவற்றைப் பெயர்த்து உள்ளே வாரிவிடுகிறது. உருக்கு 650 டிகிரியில் இருந்தால் அவை போன இடத்திலேயே கரைந்துபோகும். லிக்விடஸில் அல்லது ஒரு டிகிரி கீழே இருந்தால் பிழைக்கும். எங்கும் ஒரே வெப்பநிலையாக இருப்பதும் கலக்கலால் வருவதுதான். ஓரம் உறைந்து நடு கொதித்துக்கொண்டிருந்தால் இது நடக்காது.

இப்படி நெருக்கமாகப் படிகங்கள் பிறந்துவிட்டால் கிளை விட இடம் இருக்காது. ஒவ்வொன்றும் தள்ளும் சிலிக்கான் அடுத்ததன் எல்லையைத் தொட்டுவிடுகிறது, நுனி ஒன்று முன்னே பாய்ந்து வளர்வதற்குத் தேவையான அண்டர்கூலிங் (உறைநிலைக்கும் கீழே குளிர்வது) கிடைப்பதில்லை, எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பருக்கிறது. அதனால்தான் தண்டை எடுத்த பிறகும் உருண்டைகள் உருண்டைகளாகவே நிற்கின்றன, அதனால்தான் மெதுவாக ஆறவிடச் சொன்னேன். வேகமாக ஆற்றினால் உருண்டையிலிருந்து மறுபடி கிளை முளைத்துப் பூ இதழ் போன்ற ரோசெட் ஆகிவிடும். ரொம்ப நேரம் வைத்திருந்தால் சின்னது கரைந்து பெரியது பருக்கும். விட்டத்தின் மும்மடி நேரத்தோடு ஏறுவதால் அளவு இரட்டிப்பாக எட்டு மடங்கு நேரம் பிடிக்கும், அதனால் இரண்டு நிமிடம் கூடக்குறைய ஆனால் பயப்பட வேண்டாம்.

குறைந்தது நான்கு மாதிரிகள்

கலக்கியது ஒன்று, கலக்காதது ஒன்று என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது, ஏனென்றால் தண்டை இறக்கியதாலேயே ஆறும் வேகமும் மாறியிருக்கும். கலக்காமல் 600-இல் ஊற்றியது; 700-இலிருந்து 640 வரை மட்டும் கலக்கி நிறுத்தியது; லிக்விடஸைத் தாண்டும்போது மட்டும் கலக்கியது; லிக்விடஸுக்கு மேலிருந்து 590 வரை விடாமல் கலக்கியது. முடிந்தால் ஐந்தாவதாக, தண்டைச் சுற்றாமல் சும்மா இறக்கி எடுத்தது. மூன்றாவதும் நான்காவதும் உருவத்தில் நெருங்கியே இருக்கும், நான்காவதில் உருண்டைகள் கொத்துக்கொத்தாக ஒட்டியும் ஆக்சைடும் காற்றும் கூடுதலாகவும் இருக்கும். இந்த ஒப்பீடு கையில் இருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நம் கல்லூரிகளில் ஸ்டிர் காஸ்டிங் என்று சிலிக்கான் கார்பைடு, அலுமினா என்று தூள் கலந்து செய்யும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்கள் ஏராளம். கிரெயின் சிறிதானதற்கு முழுக் காரணமும் தூள்தான் என்று முடிவில் எழுதியிருப்பார்கள். தூள் போடாமல் அதேபோலக் கலக்கிய மாதிரி ஒன்று இல்லாமல் அப்படி எழுதவே கூடாது.

பார்ப்பதும் அளப்பதும்

மாதிரியை ஒரு சின்னச் செப்பு மோல்டில் ஊற்றி வேகமாக உறைய வையுங்கள், அந்த நேரத்து அமைப்பு அப்படியே நிற்கும். உருக்கைத் தண்ணீரில் கொட்டிக் குளிர்விக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எமரி 240-இலிருந்து 1200 வரை, பிறகு 3 மைக்ரான், 1 மைக்ரான் டயமண்ட், கடைசியில் கொலாய்டல் சிலிக்கா. 0.5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் எட்ச் செய்தால் (மேற்பரப்பை லேசாக அரிக்கவிட்டால்) சிலிக்கான் நன்றாகத் தெரியும். இவ்வளவு நீர்த்ததுதானே என்று அலட்சியம் வேண்டாம், இந்த அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுகோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

அந்தப் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தனித்தனி உருண்டைகள் தெரிந்ததும் வெற்றி என்று முடிவு கட்டுபவர்கள்தான் அதிகம். டென்ட்ரைட்டின் கிளைகளைக் குறுக்காக வெட்டினாலும் அதே மாதிரி வட்டங்கள்தான் தெரியும். சந்தேகம் தீர பார்க்கர் கரைசல் வேண்டும்: 48 சதவீத ஃப்ளூரோபோரிக் அமிலம் 5 மில்லி, தண்ணீர் 200 மில்லி. மாதிரியை ஆனோடாக வைத்து 20 வோல்ட் டிசியில் ஒன்றிரண்டு நிமிடம் கொடுத்து, போலரைஸ்டு ஒளியில் பாருங்கள். ஒவ்வொரு கிரெயினும் ஒவ்வொரு நிறமாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் ஏழெட்டு ஒரே நீலத்தில் இருந்தால் அவை ஒரே டென்ட்ரைட்டின் கிளைகள். ஒவ்வொன்றும் வேறு நிறமாக இருந்தால் நிஜமான உருண்டைகள்.

இமேஜ்ஜே மென்பொருளில் பரப்பும் சுற்றளவும் எடுங்கள். பரப்பை நான்கு பையால் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் உருவக் காரணி. முழு வட்டத்துக்கு 1. நன்றாக வந்த ஏ356-இல் உருண்டைகள் சுமாராக 50 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். நடுவில் ஓரிடம், ஓரத்தில் ஓரிடம் என்று இரண்டிலும் அளந்து, எது எங்கே எடுத்தது என்று எழுதுங்கள். உருண்டைகளைச் சுற்றி மிக மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது ஊற்றிய பிறகு உறைந்த திரவம். அதன் ஒரு பகுதி உருண்டைமேலேயே படிந்துவிடுவதால், படத்தில் அளக்கும் திட அளவு ஊற்றும்போது இருந்ததைவிட அதிகமாகவே வரும், அதைக் கணக்கோடு பொருத்தப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கலக்கலிடம் எதிர்பார்க்கக் கூடாதவை

யூடெக்டிக் சிலிக்கான் மாறாது. அது பிறப்பது 575 டிகிரிக்குக் கீழே, நீங்கள் கலக்கி முடித்து வெகுநேரம் கழித்து. தகடு தகடாக இருப்பதை நார் போல மெல்லியதாக்க 0.02 சதவீதத்துக்குள் ஸ்ட்ரான்ஷியம் போட வேண்டும். பிறகு டி6 என்ற ஹீட் ட்ரீட்மென்டில், 540 டிகிரியில் சூடாக வைத்திருக்கும் சொல்யூஷன் கட்டத்தில் அது உருண்டு வரும். சரியாகக் கலக்கி, காற்று புகாமல் வார்த்த துண்டு அந்தச் சூட்டில் கொப்புளம் விடாது, சாதாரண ஹை பிரஷர் டை காஸ்டிங் துண்டு விட்டுவிடும். தொழிற்சாலைகள் இந்த முறையில் அக்கறை காட்டியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கிரெயினைச் சிறிதாக்கும் சேர்க்கையான கிரெயின் ரிஃபைனர் போட்டாலே போதாதா என்றால், 5 சதவீத டைட்டானியம், 1 சதவீத போரான் உள்ள மாஸ்டர் அலாயை ஒரு கிலோவுக்கு ஒன்றிரண்டு கிராம் போட்டால் கிரெயின் சிறிதாகும்தான், ஆனால் சிறிய டென்ட்ரைட்களாகவே பெரும்பாலும் நிற்கும். இரண்டையும் சேர்த்தே செய்யலாம், தடையில்லை. சோதனை என்றால் மட்டும் ஒரு நேரத்தில் ஒன்று.

துடுப்பே வேண்டாம், மின்காந்தத்தால் கலக்கலாம் என்றால் இன்னும் சுத்தம், உலோகத்தை எதுவும் தொடுவதில்லை. 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் திரவ அலுமினியத்துக்குள் சுமார் 35 மில்லிமீட்டர்தான் இறங்கும், 70 மில்லிமீட்டர் விட்ட மூசை வரை ஊரில் வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணே போதும், அதற்கு மேல் போனால் அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டியிருக்கும். மூசை கிராபைட்டாக இருக்கக் கூடாது, அதுவே புலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அலுமினா மூசை போடுங்கள். குளிர்ந்த தண்டு இல்லாததால் படிகங்கள் பிறக்கும் இடம் சுவர் மட்டும்தான், ஆகவே மூசையின் வெளிப்புறத்தில் லேசாகக் காற்று அடித்துக்கொண்டே சுற்றுங்கள், காற்றை எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் கூலிங் கர்வின் மேலேயே குறித்துவிடுங்கள்.